குதிக்கால் பக்கம்

சுழியோடிகள் போடும் ஃபின்ஸில் எஸ், எம், எல். பூட்ஸில் இலக்கம். இரண்டும் ஒரே கம்பனி என்றால் கொஞ்சமாவது ஒத்துப்போகும். வேறு வேறு என்றால் ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது.

பிரித்தானிய 8. அமெரிக்க 9. ஐரோப்பிய 42. கால் ஒன்றுதான்.

சொறிக்கல்முனை வயலில் வரம்பு மிதிக்கிற கால்களைப் பார். விரல்கள் விரிந்தபடி. சப்பாத்துக்கு வளர்ந்த கால் இல்லை. நீளம் சரியாக இருக்கும், அகலம் இடிக்கும்.

பூட்ஸின் அகலத்துக்கு இலக்கம் போடுகிறவர் அரிது.

குதிக்கால் திறந்த ஃபின்ஸுக்குத்தான் பூட்ஸ். முழுப்பாத ஃபின்ஸ் வெறுங்காலுக்கு. நம்முடைய கடலில் குளிருக்கு பூட்ஸ் தேவையே இல்லை. முருகைக்கல்லுக்கும் கரைமணல் சூட்டுக்கும்தான்.

பூட்ஸ் 3 மில்லிமீற்றர், 5, 7. அடிப்பாகம் மெல்லிசு என்றால் கால் ஃபின்ஸின் பாதக் கூட்டுக்குள் ஆழமாக ஓடிவிடும். தடித்த அடி என்றால் வாயிலேயே நிற்கும். அதே கால், அதே ஃபின்ஸ்.

பாசிக்குடாவில் வாடகைக்குக் கொடுக்கிற பையன்:

"காக்கா, பூட்ஸ் கொண்டு வந்தீங்களா?"

"இல்ல தம்பி."

"அப்ப முதல்ல பூட்ஸ எடுங்க. ஃபின்ஸ பிறகு பாப்பம்."

ஃபின்ஸை முதலில் கேட்கிறவர்கள்தான் அதிகமாம்.

1933. லூயி த கோர்லியூ, பிரெஞ்சுக் கடற்படைக்காரர், ஃபின்ஸுக்குக் காப்புரிமை எடுத்த ஆண்டு.

ஜெட் ஃபின். 1960களின் வடிவம், இன்னும் விற்கிறது. கறுப்பு இறப்பர், நல்ல பாரம், தண்ணீரில் போட்டால் தாழும். கூடு அகலம். குளிர்நாட்டுக்காரரின் தடித்த பூட்ஸும் நுழையும். அதற்குள் 3 மில்லிமீற்றர் பூட்ஸ் ஆடும்.

சரிபார்க்க: பூட்டிக்கொண்டு காலைத் தூக்கிப் பக்கவாட்டில் உதறு. ஃபின்ஸ் காலோடு வருகிறதா, பிந்தி வருகிறதா.

விரல் மடங்கக் கூடாது. மடங்கினால் பாதம் விறைக்கும், பிறகு கெண்டைக்கால் பிடிக்கும். பிடித்தால் ஃபின்ஸின் நுனியைக் கையால் பிடித்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும்.

பூட்ஸின் குதியில் சின்ன மேடு ஒன்று. ஃபின்ஸின் வார் மேலே ஏறாமலிருக்க. சில பூட்ஸில் இல்லை. கடையில் அதைத் தடவிப் பார்க்கிறவரைக் கண்டதில்லை.

வார் அறுந்தால் கல்முனையில் செருப்புத் தைக்கிறவர் டியூப் இறப்பரை வெட்டிப் போட்டுத் தருவார். எந்த பூட்ஸ் என்று கேட்கமாட்டார். இழுபடும், அவ்வளவுதான்.

ஸ்பிரிங் வார் வந்த பிறகு பூட்டும் இல்லை, இழுத்து இறுக்குவதும் இல்லை. ஆனால் தடித்த பூட்ஸுக்கு அளவெடுத்த ஸ்பிரிங் மெல்லிய பூட்ஸில் தொங்கும்.

பூட்ஸின் நியோப்ரீனுக்குள் வாயுக் குமிழிகள். 10 மீற்றரில் குமிழி பாதி. 20 மீற்றரில் மூன்றில் ஒன்று. கரையில் பிடித்த பிடி கீழே இல்லை.

ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல். மட்டக்களப்புக்கு வெளியே கடலில். 1942 ஏப்ரல் 9, யப்பான் விமானங்கள் மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். இப்போது 50 மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்குச் சுழியோடிக்கு எல்லை 40.

அங்கே இறங்குகிறவர்களின் பூட்ஸ் எவ்வளவு மெலியும்?

மன்னார் முத்துக்குளிப்பு. 1905 பெரிய ஆண்டு. குளிப்பவர் கல்லோடு கட்டிய கயிற்று வளையத்தில் ஒரு பாதத்தை வைத்து இறங்குவார். வளையத்துக்கு அளவு கிடையாது.

இறப்பர் கன்றுகள் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது 1876. ஆனால் பூட்ஸின் நியோப்ரீன் மரத்திலிருந்து வருவதில்லை, தொழிற்சாலையில் செய்வது.

பள்ளிவாசல் படியில் செருப்புக் குவியல். இஷாத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் கீழே பார்ப்பதில்லை. கால் தானாகப் போய் நுழைகிறது.

அலைக்குள் ஃபின்ஸோடு இறங்கினால் பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும். கரையில் நிற்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள்.

வாரை இழுக்கலாம். கூட்டை இழுக்க முடியாது.

காய்ந்த பூட்ஸ் காய்ந்த கூட்டுக்குள் வழுக்காது. பெரியது வேண்டும் போலத் தோன்றும். நனைந்தால் அதே கால் லேசாகப் போய்விடும். கடையில் எல்லாமே காய்ந்தவை.

நாளைக்கு: பழைய பூட்ஸ் இரண்டு சோடியையும் நனைத்து வாளியோடு கொண்டுபோக வேண்டும். நிலம் ஈரமாகிறது என்று கடைக்காரர் ஏசுவார். துடைக்கத் துணியும் எடுக்க வேண்டும்.