இரவலும் வாடகையும்

இரவல் என்ற சொல் தமிழில் கௌரவமாகப் புழங்கி நான் பார்த்ததில்லை. இரவல் நகை, இரவல் புடவை, இரவல் புத்தி. இலக்கியத்துக்கு வந்தால் இரவல் சிந்தனை. எங்கள் மாதிரிப் பத்திரிகைகளில் ஒருவனை எழுந்திருக்கவிடாமல் அடிக்க இந்த ஒரு சொல் போதும். வாடகை அப்படி இல்லை. சைக்கிள், வீடு, கல்யாணப் பாத்திரம், சாமியானா எல்லாம் வாடகைக்கு வருகின்றன, யாரும் கூச்சப்படுவதில்லை. இரண்டிலும் பொருள் பிறத்தியாருடையது, திருப்பித் தரவேண்டியது. இரவலில் நன்றிக்கடன் உண்டு, கெடு கிடையாது. வாடகையில் கெடு உண்டு, நன்றிக்கடன் கிடையாது. இதற்கு மேலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சில வாடகைப் பொருள்கள் எடுப்பவனைப் பற்றிய உண்மையைக் கேட்கின்றன. சொல்லாவிட்டால் வேலை செய்ய மறுக்கின்றன, அல்லது எலும்பை முறிக்கின்றன. பனிச்சறுக்கு உபகரணங்கள் இந்த வகை.

2023 பிப்ரவரியில் ஸ்ரீநகரிலிருந்து ஒரு நாள் குல்மர்க் போய் வந்தோம், நானும் என் மனைவியின் தம்பியும். தூரம் சுமார் 50 கிலோமீட்டர். தங்மர்க் வரை சமதளம் மாதிரித்தான். அங்கிருந்து 13 கிலோமீட்டர் மலையேற்றம். பனிக்காலத்தில் சாதாரண வண்டிகள் தங்மர்கில் நின்றுவிடுகின்றன. சக்கரத்தில் சங்கிலி சுற்றிய வண்டிக்கு மாறவேண்டும். மாறுகிற இடத்திலேயே கோட்டுக் கடைகள். முழங்கால்வரை தொங்கும் கோட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. கீழே ரப்பர் பூட்ஸ்கள். கடைக்காரர் நம்மை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஒரு கோட்டை உருவித் தருகிறார். கை நீளமாக இருந்தால் மடித்துவிடுகிறார். பூட்ஸுக்குள் முந்தின கால்களின் ஈரம் இன்னும் காய்ந்திருக்காது. பேரம் ஒன்றுதான் பேச்சு. வேறு எந்தக் கேள்வியும் இல்லை.

அந்தக் கோட்டை நான் பழிக்கவில்லை. குளிர் உள்ளே வராமல் அது பார்த்துக்கொண்டது. ஆனால் அதைப் போட்டுக்கொண்ட பிறகு குஜராத்தியும் வங்காளியும் திருநெல்வேலிக்காரனும் ஒன்றாகிவிடுகிறார்கள். உள்ளே இருப்பவன் யார், எவ்வளவு கனம், என்ன தெரியும் என்பது கோட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். அதைப் போட்டுக்கொண்டு பனியில் நிற்கலாம், புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலோர் அதற்காகத்தான் வருகிறார்கள். அதில் தவறும் இல்லை.

மேலே குல்மர்க் 2,650 மீட்டர் உயரத்தில் ஒரு புல்வெளி. கோடையில் கோல்ஃப் மைதானம், மாசியில் வெள்ளை. இங்கே 1927-இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியா என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். 1998-இல் கொண்டோலா என்கிற கம்பிவட ஊர்தியின் முதல் பகுதியும், 2005-இல் இரண்டாவது பகுதியும் ஓட ஆரம்பித்தன. இரண்டாவது பகுதி அஃபர்வத் மலைத்தோளில் ஏறத்தாழ 4,000 மீட்டர்வரை கொண்டுபோய்விடுகிறது. அது வித்தை தெரிந்தவர்களின் இடம். தெரியாதவர்களுக்குக் கீழே புல்வெளி ஓரத்துச் சரிவு. குழந்தைகள் விழுந்து எழுந்துகொண்டிருப்பார்கள்.

பலகைகள் வாடகைக்குத் தரும் கடை ஒன்றில் நுழைந்தோம். மெழுகு வாசனை, ஈரக் கம்பளி வாசனை, மூலையில் புகாரி அடுப்பு. எங்கள் செருப்புகளைக் கழற்றி அடுக்கில் வைக்கச் சொன்னார்கள். திரும்பி வரும்வரை அவை அங்கேயேதான் இருக்கும். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. இந்தக் கடையில் கந்தையை எறிய விடுவதில்லை. அதை வாங்கி வைத்துக்கொண்டுதான் சேலையைத் தருகிறார்கள்.

பிறகு ஒரு படிவம். வயது, உயரம், எடை, பாதத்தின் நீளம். கடைசியாக ஒரு கேள்வி: நீங்கள் எந்த வகை? உலகமெங்கும் இந்தத் தொழிலில் மூன்று வகைதான். முதல் வகை நிதானக்காரர். மெதுவாகப் போவார், சாய்வு குறைந்த சரிவே போதும் என்பார். மூன்றாம் வகை வேகக்காரர். செங்குத்தான சரிவுகளைத் தேடுகிறவர். இரண்டாம் வகைக்குத் தனியாக லட்சணம் இல்லை. இந்த இரண்டிலும் சேராத மற்ற எல்லாரும் இரண்டாம் வகை. வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது வாடிக்கையாளர்; கடைக்காரரல்ல.

நாள் முழுவதும் படிவங்கள் பூர்த்தியாவதைப் பார்க்கிற உத்தியோகம் எனக்கு. படிவத்தில் மனிதன் தன்னைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோதான் எழுதுகிறான். கடன் கேட்கையில் வருமானம் கூடுகிறது, வரி கட்டுகையில் குறைகிறது. இங்கேயும் அந்தச் சபலம் உண்டு. மைத்துனன் காதோடு சொன்னான்: "அத்தான், ரெண்டு மூணு தரம் வந்திருக்கோம்னே போடுங்க. இல்லேன்னா சின்னப் பிள்ளைங்க பலகையைத் தந்து அனுப்பிருவாங்க." நான் முதல் வகை என்று எழுதினேன். அவன் ஸ்னோபோர்டு கேட்டான், பழக்கம் உண்டு என்றும் சொன்னான்.

எழுதுவதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் முக்கியம். முதலில் பூட்ஸ். செருப்புக் கடையில் எட்டு என்று கேட்டு வாங்குகிற என் பாதம் இங்கே 26.5, பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். வெளியே கெட்டி பிளாஸ்டிக், உள்ளே மெத்தை, முன்பக்கம் நான்கு கொக்கிகள். ஒரே ஒரு மெல்லிய காலுறைதான் போடவேண்டும். குளிருமே என்று இரண்டு போட்டால் ரத்தம் ஓடாமல் விரல்கள் இன்னும் குளிரும். நிமிர்ந்து நிற்கையில் பெருவிரல் முன்சுவரைத் தொடவேண்டும். முழங்காலை மடித்தால் விலகவேண்டும். வசதியாக இருக்கிறது என்றால் பூட்ஸ் பெரிது என்று அர்த்தம். குதிகால் உள்ளே எழும்பினால் கால் ஒன்று சொல்லும், பலகை ஒன்று செய்யும்.

அடுத்தது பலகை. ஆரம்பக்காரனுக்கு மோவாய் உயரத்துக்கு மேல் வேண்டாம். குட்டையானது சுலபமாகத் திரும்பும். பலகையையும் பூட்ஸையும் இணைக்கிற பிடிக்கு பைண்டிங் என்று பெயர். இந்த முழு ஏற்பாட்டிலும் மூளை என்று ஒன்று இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது. முன்னால் விரல்பக்கம் ஒன்று, பின்னால் குதிகால்பக்கம் ஒன்று. இரண்டிலும் வில், வில்லை இறுக்கவோ தளர்த்தவோ ஒரு திருகு, பக்கத்தில் சின்ன ஜன்னலில் ஓர் எண். ஜெர்மன் தர நிர்ணய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கத்தால் அதை டின் எண் என்கிறார்கள். எடை, உயரம், வயது, வகை எல்லாம் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணைக்குள் போயின. பூட்ஸின் ஓரத்தில் 306 என்று பொறித்திருந்தது. அடிப்பாகத்தின் நீளம், மில்லிமீட்டரில். நீளமான அடிக்கு எண் குறையும், நெம்புகோல் நீண்டால் குறைந்த விசையே போதும் என்பதால். ஐம்பது வயதைத் தாண்டினால் ஒரு படி குறையும். வகை ஏறினால் எண்ணும் ஏறும். எனக்கு நான்கு வந்தது. கடைக்காரர் திருப்புளியால் நான்கு இடங்களிலும் திருகி வைத்தார்.

இந்த எண் எவ்வளவு பலமாகப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்பதன் கணக்கு மட்டுமல்ல, எந்தக் கட்டத்தில் விட்டுவிடவேண்டும் என்பதன் கணக்கும்கூட. ஒரு காலத்தில் தோல்வாரால் காலைப் பலகையோடு கட்டிவிடுவார்கள். மனிதன் ஒரு பக்கம் விழுவான், பலகை இன்னொரு பக்கம் திரும்பும், நடுவில் இருக்கிற எலும்பு முறியும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஆரிகனில் குடியேறிய ஹ்யால்மர் ஹ்வாம் என்ற சறுக்கு வீரருக்கு 1937-இல் கால் முறிந்தது. சிகிச்சைக்குப் பிறகு மயக்கம் தெளிகையில் தானாகக் கழலும் பிடியின் யோசனை அவருக்கு வந்ததாகச் சொல்வார்கள். நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர் செய்த கருவி, நன்றாக விழுவதற்கானது. இதன் வம்சத்தில் வந்த பிடிகளால் கெண்டைக்கால் எலும்பு முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. முழங்கால் ஜவ்வு கிழிவது அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவிக்கும் ஓர் எல்லை இருக்கிறது.

எடையைக் குறைத்துச் சொன்னால் வில் தளர்ந்திருக்கும். ஓடுகிறபோதே காரணமில்லாமல் பலகை கழலும். மூன்றாம் வகை என்று பீற்றிக்கொண்டால் வில் இறுகியிருக்கும், விழுகிறபோதும் கழலாது. இரண்டு பொய்க்கும் தண்டனை உண்டு. அதைத் தருவது கடைக்காரரல்ல, சரிவு.

மைத்துனனின் விஷயம் வேறுமாதிரி. ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் பக்கவாட்டில் நிற்கின்றன. அந்தப் பிடிகள் விழுந்தாலும் கழலுவதில்லை. கடைக்காரர் அவனிடம் எடையைக்கூட அப்புறம்தான் கேட்டார். முதலில் கேட்டது, எந்தக் கால் முன்னால்? அவன் யோசித்தான். யோசித்ததிலேயே பதில் இருந்தது. திரும்பி நிற்கச் சொல்லி, எதிர்பாராத நேரத்தில் முதுகில் லேசாக ஒரு தள்ளு. வலது கால் தானாக முன்னே போய் ஊன்றியது. வலது முன்னால் என்று குறித்துக்கொண்டு, பழக்கம் உண்டா என்ற கேள்வியை அவர் மறுபடி எழுப்பாமல், ஆரம்பக்காரர்களுக்கான பலகையைத் தந்தார். வாய் சொன்னதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரிவில் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. பலகைகளின் முனைகளை நெருக்கி, வால்களை விரித்து, ஆப்பு மாதிரி வைத்துக்கொண்டால் வேகம் கட்டுப்படுகிறது. இரண்டு தடவை சும்மா உட்கார்ந்தேன்; பிடி கழலவில்லை, கழல அவசியம் இருக்கவில்லை. மூன்றாவது தடவை வலது பலகை உள்பக்கம் திரும்பி உடம்பு வெளிப்பக்கம் சாய்ந்தபோது டக்கென்று ஒரு சத்தம். பலகை தனியே கிடந்தது. முழங்கால் என்னிடமே இருந்தது. கழன்ற பலகையின் இரு பக்கமும் சிறு கம்பிகள் இறங்கிப் பனியில் ஊன்றிக்கொண்டிருந்தன. அது தன்பாட்டுக்குக் கீழே ஓடி யார்மேலாவது மோதக்கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு. எழுந்து, பனியைத் தட்டி, குதிகாலை அழுத்தினால் மறுபடி மாட்டிக்கொள்கிறது.

எங்கள் வட்டத்தின் பழைய சண்டைக்கு இதில் ஒரு பொருத்தம் தெரிகிறது. தமிழ் விமர்சனம் வெளியிலிருந்து எடுத்தவை கொஞ்சமில்லை: எலியட், சார்த்ர், மார்க்ஸியத்தின் பல ரகங்கள், பிறகு அமைப்பியலும் அதன் பின்னால் வந்தவையும். எடுத்தவனைப் பார்த்து எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டோம். அது பயனில்லாத கேள்வி. பனியில்லாத ஊர்க்காரன் பலகையை வாடகைக்குத்தான் எடுக்கமுடியும். கேட்கவேண்டியவை வேறு. உன் எடையைச் சரியாகச் சொன்னாயா? எந்த வகை என்று எழுதினாய்? நம்மில் அநேகமாக எல்லாரும் மூன்றாம் வகை என்று எழுதிக்கொடுத்தவர்கள். ஒரு கவிதையின் முன் கோட்பாடு நிலைதடுமாறுகிற கணத்தில் அது கழலுகிறதா, இல்லை எலும்பு முறிகிறவரை காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? கழலுகிற கோட்பாட்டைப் பலவீனம் என்று நினைக்கிறார்கள். மாறாக, கழலத் தெரியாததை வைத்துக்கொண்டு சரிவில் இறங்கவே கூடாது. அந்த மாதிரிக் கோட்பாடுகளில் பாதி பலகையே அல்ல, தங்மர்க் கோட்டு. யாருக்கும் பொருந்தும், எதையும் கேட்காது, படத்தில் நன்றாக விழும்.

இந்த ஒப்புமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும். ஏனென்றால் கடைக்காரருக்கு இது ஒப்புமை அல்ல, பிழைப்பு. மறு வருஷம், 2024 ஜனவரியில், குல்மர்க் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்த படங்களைப் பத்திரிகைகளில் பார்த்தேன். 2025 பிப்ரவரியில் அங்கே நடப்பதாக இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் ஒத்திவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. பனி இல்லாத வருஷத்தில் எல்லாருடைய எடையும் ஒன்றுதான். சுவரில் சாய்ந்திருக்கிற பலகைகளுக்கு மெழுகு போட்டுப் போட்டு எத்தனை நாள் காத்திருக்கமுடியும்?

சாயங்காலம் திருப்பிக் கொடுத்தபோது அவர் பலகைகளின் அடியைத் தடவிப் பார்த்தார், கல் கீறல் இருக்கிறதா என்று. பூட்ஸுக்குள் மருந்து அடித்துப் புகாரி பக்கத்தில் கவிழ்த்தார். என் எண்ணைத் திருகி மாற்றவில்லை. மறுநாள் வருகிறவனின் எண் தெரிந்தபிறகுதான் மாற்றமுடியும். எங்களுக்குப் பின்னால் நின்ற பருமனான ஒருவர், மறுநாளைக்கு என்று முன்கூட்டியே அளவு கொடுத்துக்கொண்டிருந்தார். எடை என்ன என்று கடைக்காரர் கேட்டார். எழுபது என்றார் அவர். கடைக்காரர் எழுதவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார்.