வந்து வந்து போகும் கோளாறு

எங்கள் செய்யூரில் நண்பர் ஒருவர் இன்னும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருக்கிறார். நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயரே போதும். 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம். இங்கிலாந்தில் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் இதற்குத் தம்பி முறை. முன்மூடி மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் சாயும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம்.

அந்த வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. காலையில் ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை மணி ஓடியதும் நின்றுவிடும். கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஒரு குறையும் தெரியாது. பிளக் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள், பெட்ரோல் பம்பைப் பிரித்துப் பூட்டினார்கள். கடைசியில் பழி எத்தனால் கலந்த பெட்ரோல் மேல் விழுந்தது. நண்பரின் மகன் பழைய இரும்புக்காரரிடம் விலையே பேசிவிட்டார். நண்பர் சாப்பாட்டில் கூட மனம் இல்லாமல் இருந்தார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது தெக்கார்த் என்ற தத்துவ ஆசிரியரின் விதி ஒன்றை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். 1637-இல் எழுதியது: சிக்கலைத் தீர்க்க வேண்டுமானால் அதைச் சிறு கூறுகளாகப் பிரி. பிறகு அரசு அலுவலகத்தில் தன்பதிவேடு எழுதிப் பழகிய கை என்னுடையது. "சார், இனி எதையும் மாற்றாதீங்க. நிற்கும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்க" என்றேன்.

பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும், பெட்ரோல் வேண்டும். சூடேறினால் இரண்டுமே தடைபடலாம். குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால், வண்டி இருமித் திணறி நிற்கும். நெரிசலில் ஊர்ந்து போகும்போதும் வெயிலிலும்தான் அதிகம் வரும். தீப்பொறி போனால் சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நிற்கும்.

மூன்று வாரக் குறிப்பில், எட்டு முறையும் சட்டென்றுதான் நின்றிருந்தது. அதில் இரண்டு முறை மழை நாள். டாங்கி நிறைந்திருந்தபோதும் நின்றது, பாதி இருந்தபோதும் நின்றது.

பிறகு ஒரு நாள் இளம் மெக்கானிக் தம்பியையும் ஏற்றிக்கொண்டு, நிற்கட்டும் என்றே ஓட்டினோம். கடப்பாக்கம் அருகே நின்றது. டாங்கி மூடியைத் திறந்தோம். காற்றை உள்ளிழுக்கும் சத்தம் இல்லை, ஆகவே மூடியின் காற்றுத் துளை அடைக்கவில்லை. பம்பின் மேல் ஈரத்துணி போட்டோம், பலனில்லை. பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று பார்த்துவிட்டு, பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் வைத்துச் சுற்றினார் தம்பி. நீலமாகப் பளிச்சென்று வரவேண்டிய பொறி மஞ்சளாக மெலிந்து வந்தது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தால் பாயிண்ட் கருகியிருந்தது.

குற்றவாளி கண்டென்சர், விரல் நுனி அளவு டப்பா. பாயிண்ட் திறக்கும்போது அங்கே பொறி சிதறாமல் மின்சாரத்தை வாங்கிக்கொள்வது அதன் வேலை. சூட்டில் உள்ளே இருக்கும் காப்பு தளர்ந்துவிடும், ஆறினால் சரியாகிவிடும். பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கையோடு கொண்டுபோன புதியதைப் போட்டதும் பொறி நீலமானது. இரும்புக்காரருக்கு மறுநாளே தகவல் போய்விட்டது.

வந்து போகும் கோளாறை, அது வந்திருக்கும் நேரத்தில்தான் பிடிக்க முடியும். அவ்வப்போது படபடப்பு, தலைசுற்றல் என்கிறவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் எடுத்த ஈ.சி.ஜி. சரியாகவே இருந்தாலும், 24 மணி நேரம் ஹோல்டர் கருவியை மார்பில் கட்டி அனுப்புவது இதற்காகத்தான். அப்படி ஏதாவது உங்களுக்கும் இருந்தால், மணி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.