மட்டக்களப்பு லவ் கேக்: பல்குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள்!

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் காலையில் ஏறிய 'உதயதேவி' என்னை மட்டக்களப்பில் இறக்கிவிட்டபோது பிற்பகல் மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. டிசம்பரில் கிழக்கு இலங்கை அப்படித்தான் என்று தோழி முன்பே எச்சரித்திருந்தாள். ஜர்னலிசம் டிப்ளமோவில் என்னோடு படித்தவள், இந்த ஊர்க்காரி. "பாடும் மீன் இருக்கு, கோட்டை இருக்கு. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அன்ரி லவ் கேக் போடுறா" என்று போனில் சொல்லியிருந்தாள். ஐந்து நாள் லீவு கேட்டு எடிட்டர் முன்னால் நின்றது எதற்காக என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

மழையில் மீன்கள் பாடவில்லை. கோட்டையை மட்டும் குடைக்குள் நின்று பார்த்தேன். 1628-ல் போர்த்துக்கீசியர் கட்டியது, பத்தே வருடத்தில் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வாவியை ஒட்டிய சின்னக் கோட்டை. அதைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள். ஆனால் அவர்கள் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இன்னமும் இந்த ஊரில் இருக்கின்றன. தச்சுவேலை, இரும்புவேலை என்று கைத்தொழில் செய்து வாழ்ந்த சமூகம். வெளியே தமிழ், வீட்டுக்குள் போர்த்துக்கீசியம் கலந்த ஒரு தனிமொழி. அதைப் பேசுகிறவர்கள் இப்போது குறைந்துகொண்டே வருகிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அன்ரியின் வீட்டுக்குப் போனோம். "குசினிக்கே வாங்க மகள், அங்க கதிரை கிடக்கு" என்றார். குசினியும் கதிரையும் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்கள். காலையில் நான் தின்ற பாணும் அப்படித்தான், வரப்போகிற நத்தாரும் அப்படித்தான். அவ்வளவு ஏன், நம் வீட்டு ஜன்னலும் சாவியும்கூட அங்கிருந்து வந்தவைதான்.

மேசையில் இருந்ததைப் பார்த்தால் கேக் செய்யப்போகிறார் என்றே தோன்றாது. மைதா இல்லை, பேக்கிங் பவுடர் இல்லை. ரவை இருந்தது. ஏலம், சாதிக்காய், கறுவா (நம் பட்டைதான்), பன்னீர், தேன். பொங்கலுக்கோ கேசரிக்கோ எடுத்து வைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பத்து முட்டையின் மஞ்சள் கரு! அங்கேதான் ஐரோப்பா உள்ளே வருகிறது. மஞ்சள் கருவை அள்ளிக் கொட்டி இனிப்பு செய்வது போர்த்துக்கீசியர் வழக்கம். பாதாமுக்குப் பதிலாக முந்திரி. அந்த முந்திரியையும் பிரேசிலிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவர்கள் அவர்களேதான்.

இன்னொரு முக்கியமான ஆள், பூசணி தோசி. நீத்துப்பூசணியைச் சர்க்கரைப் பாகில் போட்டுச் செய்வது. நம் ஊரில் ஆக்ரா பேட்டா சாப்பிட்டிருந்தால் அதுதான் கிட்டத்தட்ட. இதைச் சின்னச்சின்னதாக நறுக்கிப் போட்டால்தான் கேக்கின் உள்ளே அந்தப் பிசுபிசுப்பு வரும்.

நான் போனில் நோட்ஸ் எடுக்க ஆரம்பித்ததும் அன்ரி சிரித்தார். "எழுதுங்க. என்ட கொப்பி கடலோட போயிட்டுது."

2004 சுனாமிக்கு முன்னால் அவர்கள் குடும்பம் டச்பாரில் இருந்தது. கடலும் வாவியும் சேருமிடத்துக்குப் பக்கத்தில் பறங்கியர் கூடி வாழ்ந்த பகுதி அது. நத்தாருக்கு மறுநாள் காலை. அலுமாரியில் முதல் நாள் கேக் மிச்சமிருந்ததாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா கையால் எழுதிய கொப்பி போன பிறகு, கை ஞாபகத்தில்தான் இருபது வருடங்களாகக் கேக் போடுகிறார்.

"கண் அளவு" என்று சொல்லிச் சொல்லிப் போட்டதை, ஒவ்வொன்றையும் நிறுத்தி, தோழி வீட்டுத் தராசில் வைத்து எழுதினேன். ரவை 250 கிராம், வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்தது. பட்டர் 250 கிராம். சீனி அரைக் கிலோ. முந்திரி 300 கிராம், கத்தியால் பொடியாக நறுக்கியது. மிக்ஸியில் போடலாமா என்று கேட்டதற்கு ஒரு முறைப்பு கிடைத்தது. எண்ணெய் விட்டுவிடுமாம். தோசி 250 கிராம். வெள்ளைக்கரு நான்கு மட்டும். மிச்சம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆம்லெட் ஆனது.

வறுத்த ரவையில் பட்டரைக் கலந்து மூடி வைத்துவிட்டு, அன்ரி தேநீர் போடப் போய்விட்டார். எவ்வளவு நேரம் என்றால், "ரவை குடிக்கட்டும் மகள், அதுக்கு அவசரம் இல்ல" என்று பதில். அந்த இடைவெளியில் மெல்போர்னிலிருந்து மகன் அழைத்தார். இருவரும் அந்த மொழியில் பேசினார்கள். எனக்குப் புரிந்தது ஒரே சொல், ஆஸ்திரேலியா. போனை வைத்த பிறகு அன்ரியே சொன்னார்: "வரச் சொல்றான். அடுத்த நத்தாருக்கு நான் இஞ்ச இருப்பனோ தெரியாது. பேத்திக்கு இந்த மொழியும் வராது, தமிழும் வராது. நீங்க எழுதுறத இங்கிலீஷ்ல அவளுக்கு அனுப்புவீங்களா?"

அனுப்புவதாகச் சொன்னேன். நோட்ஸை இன்னும் கவனமாக எழுத ஆரம்பித்தேன்.

காகிதத்தை மூன்று நான்கு அடுக்காக ட்ரேயில் விரித்து, 150 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். வீடு முழுக்கப் பன்னீரும் ஏலமும் மணந்தன. மேலே பொன்னிறமாக மொறுமொறுப்பு, உள்ளே ஈரம். சின்னச் சதுரங்களாக வெட்டிக் கையில் தந்தார். முதல் கடியில் கல்யாண வீட்டுக் கேசரி, இரண்டாவதில் கிறிஸ்துமஸ் கேக். மூன்றாவதில் யோசிப்பதை விட்டுவிட்டேன். ஏன் லவ் கேக் என்று பெயர் என்று கேட்டேன். "இவ்வளவு வேலைய லவ் இல்லாம ஆர் செய்வா?" என்றார்.

சென்னை திரும்பிய முதல் ஞாயிறு, எழுதி வைத்த அளவுகளைக் கிராம் பிசகாமல் போட்டு நானே செய்தேன். பேத்திக்கு அனுப்பும் முன் சோதித்துப் பார்க்க வேண்டுமே! ஒரு மணி நேரம் கழித்துப் பல்குச்சியால் குத்தினேன். மாவு ஒட்டியது. இன்னும் கால் மணி நேரம் வைத்தேன். மறுபடி ஒட்டியது, மறுபடி வைத்தேன். கடைசியில் குச்சி சுத்தமாக வந்தது, கேக் செங்கல்லாக வந்தது. அம்மா டீயில் நனைத்துச் சாப்பிட்டார், பாவம்.

போட்டோவை அன்ரிக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "குத்திப் பார்த்தீங்களா மகள்? இது குத்திப் பார்க்கிற கேக் இல்ல. நடுவில ஒட்டத்தான் வேணும். மேல நிறம் வந்தா எடுத்திடுங்க, பயப்படாதீங்க."

அந்த வரியைப் பேத்திக்கான ரெசிப்பியில் முதலில் சேர்த்தேன், ரவைக்கும் முன்னால். அடுத்த ஞாயிறுக்கு முந்திரி வாங்கி வைத்திருக்கிறேன்.