மீன்வால் சிகரத்தின் அடிவாரத்தில்

முக்திநாத் யாத்திரை செல்லும் தமிழகத்து அன்பர்கள் பெரும்பாலும் ஓரிரவு போக்கரா நகரில் தங்குவர். மறுநாள் காலை சிறு விமானத்தில் ஜோம்சோம் சென்று, அங்கிருந்து ஜீப்பிலும், பின்னர் நடந்தோ குதிரையிலோ மலையேறி, 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருச்சாளக்கிராமத்தை அடைவர். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்தருளிய திருத்தலம் அது. நண்பகல் நெருங்கினால் கண்டகி நதியின் பள்ளத்தாக்கில் காற்று பலத்துவிடும். ஆகவே விமானங்கள் காலை வேளையிலேயே புறப்பட்டுவிடும்.

விமானத்துக்குக் காத்திருக்கும் அந்த அதிகாலையில், போக்கராவின் பேவா ஏரிக்கரைக்குச் சென்றவர்கள் ஓர் அற்புதக் காட்சியைக் காண்பர். ஏரியின் நடுவே சிறு தீவில் தால் வராகி அம்மன் கோயில். வடக்கே அன்னபூரணியின் பெயர் தாங்கிய பனிமலைத் தொடர். அதற்கு முன்பாக, தனித்து நிற்கும் கூர்மையான சிகரம் ஒன்று முதல் கதிரொளியில் பொன்னாய் மின்னும். அதன் பெயர் மச்சபுச்சாரே. மச்சம் என்றால் மீன்; புச்சம் என்றால் வால். பக்கவாட்டிலிருந்து நோக்கினால் உச்சி இரண்டாகப் பிளந்து மீனின் வாலைப் போலவே தோன்றும். 6,993 மீட்டர் உயரமுடைய இச்சிகரத்தைச் சிவபெருமானின் உறைவிடமாகவே அப்பகுதி மக்கள் வணங்குகின்றனர். இதன் மீது ஏற நேபாள அரசு அனுமதி வழங்குவதில்லை.

இச்சிகரத்தோடு தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்டவர் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி. ஜிம்மி ராபர்ட்ஸ் என்று அழைக்கப்பட்ட அவர், 1916ஆம் ஆண்டு குஜராத்தில் பிறந்தவர். கூர்க்கா படைப்பிரிவில் பணியாற்றியவர். தம் வீரர்களின் ஊர்கள் இம்மலைச் சரிவுகளில் இருந்ததால், சிகரத்தைப் பற்றி நெடுங்காலம் கேள்விப்பட்டு, காண ஏங்கியிருந்தார். 1950இல்தான் அந்த வாய்ப்புக் கிட்டியது. ஏழாண்டுகளுக்குப் பின், 1957இல், அதன் மீது ஏறும் குழுவுக்கு அவரே தலைமை ஏற்று வந்தார்.

அவ்வாண்டு ஜூன் 2ஆம் நாள் குழுவைச் சேர்ந்த இருவர் உச்சிக்கு ஏறத்தாழ 150 அடி கீழே வரை சென்றுவிட்டனர். மேலே இறுகிய பனிக்கட்டி, வானிலையும் கெட்டுக்கொண்டிருந்தது. அவை ஒருபுறமிருக்க, புனிதமான உச்சியில் கால் பதிப்பதில்லை என்ற உறுதிமொழியும் இருந்தது. அவர்கள் அங்கேயே நின்று திரும்பினர். ராபர்ட்ஸின் பல்லாண்டுக் கனவு 150 அடி குறைவாகவே நிறைவுற்றது.

பிற்பாடு காத்மாண்டுவின் பிரிட்டிஷ் தூதரகத்தில் ராணுவ அதிகாரியாகவும் அவர் பொறுப்பு வகித்தார். ராணுவப் பணி முடிந்ததும் தம் நாட்டுக்குச் சென்று கவலையின்றி வாழ்ந்திருக்கலாம். மாதம் தவறாத ஊதியமும் பதவியின் மதிப்பும் பழகிப்போன ஒருவர், ஐம்பதை நெருங்கும் வயதில் புதுத் தொழில் தொடங்கத் துணிவதில்லை. ஆனால் அவர் 1964இல் 'மவுண்டன் டிராவல்' என்ற சிறு நிறுவனத்தை நேபாளத்தில் தொடங்கினார்.

அவரது எண்ணம் எளிமையானது. மலையேறும் குழுக்களுக்குக் கூடாரம், சமையல்காரர், வழிகாட்டும் ஷெர்பாக்கள், சுமை தூக்குவோர் என எல்லா ஏற்பாடுகளும் இருந்தன. அதே ஏற்பாடுகளை, சிகரம் ஏற விரும்பாமல் மலையடிவாரத்தில் நடந்து காண விரும்பும் சாதாரண மக்களுக்கும் செய்து தந்தால் என்ன? கேட்டவர்கள் நகைத்திருக்கக்கூடும். காசு கொடுத்துப் பல நாள் நடக்க யார் வருவார்? மேலும், மழைக்காலமும் கடுங்குளிரும் போக, இத்தொழில் நன்கு நடக்கும் பருவங்கள் ஆண்டில் இரண்டே.

1965இல் முதல் வாடிக்கையாளர்களாக வந்தவர்கள் அமெரிக்கப் பெண்மணிகள் மூவர். எவரெஸ்ட் பகுதியை நோக்கி அவர்கள் நடந்தனர். மூவரை நம்பித் தொடங்கிய அத்தொழில் இன்று நேபாளத்தில் எண்ணற்ற மலைக்கிராமக் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. நெற்றியில் பட்டை கட்டி மூங்கில் கூடையைச் சுமந்து செல்லும் தொழிலாளி முதல், வழியில் தேநீர் விடுதி நடத்தும் மூதாட்டி வரை அதில் பங்குண்டு. அன்னபூரணியின் பெயர் கொண்ட மலையடியில் அன்னம் பெருகியது பொருத்தமே. நேபாள மலைநடைப் பயணத்தின் தந்தை என்று ராபர்ட்ஸ் போற்றப்படுகிறார்.

அவர் தம் இறுதி நாள்களைப் போக்கராவிலேயே கழித்தார். 1997இல் அங்கேயே மறைந்தார். ஏறாமல் விட்ட சிகரம் அவர் வாழ்ந்த ஊருக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது.

நம் ஆலயங்களில் பக்தர்கள் கருவறைக்குள் நுழைவதில்லை. வாயிலுக்கு வெளியே நின்று, தீபாராதனை ஒளியில் இறைவனைக் கண்டு, மனம் நிறைந்து திரும்புகிறோம். அந்தச் சில அடி இடைவெளியால் தரிசனம் குறைந்துவிட்டதாக யாரும் எண்ணுவதில்லை. மச்சபுச்சாரேயின் உச்சிக்குக் கீழே மலையேறிகள் விட்டுவந்த 150 அடியும் அத்தகையதே. பதவியானாலும் சிகரமானாலும், எங்கே நிற்க வேண்டும் என்பதை அறிந்தவருக்கு அடுத்த பாதை திறக்கவே செய்கிறது.

முக்திநாதரின் 108 நீர்த்தாரைகளில் நீராடச் செல்லும் அன்பர்கள், போக்கராவில் விடியுமுன் எழுந்து ஏரிக்கரைக்கு வருவது நல்லது. வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும். அதற்குள் வடக்கு நோக்கி நின்று, மனிதர் கால் படாமல் போற்றப்படும் அந்தப் பனியுச்சியைக் கைகூப்பி வணங்கிவிட்டுப் புறப்படலாம்.