ஆயாவின் திண்ணை

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குச் செல்லும் சாலையில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ள கச்சிராயபாளையம் எங்கள் ஊர். என் தந்தையின் தாயாரை நாங்கள் ஆயா என்றுதான் அழைப்போம். அவர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். அவருக்கென்று இருந்தவை ஒரு நீண்ட திண்ணையும் ஒரு பெரிய கஞ்சிப் பானையுமே.

1976ஆம் ஆண்டு வரை அந்த மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலையாளி பழங்குடி மக்கள் அவர்களுக்குக் கூலியின்றி உழைத்தார்கள். அதன் பிறகும் நெடுங்காலம் பல மலைச் சிற்றூர்களுக்குச் சாலை கிடையாது. கடுக்காயும் புளியும் தேனும் சுமந்து சந்தைக்கு வந்தவர்கள், இருட்டிவிட்டால் எங்கள் திண்ணையில் படுத்துக்கொள்வார்கள். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைத் தூளி கட்டித் தூக்கி வருவோரும் அங்கேதான் இறக்கி வைப்பார்களாம். ஆயா வெந்நீர் கொடுத்துவிட்டு, மாட்டுவண்டிக்காரரை எழுப்ப ஓடுவாராம். நள்ளிரவில் எழுப்பினால் அவர் திட்டாமல் இருப்பாரா? வண்டி பூட்டும் வரை ஆயா அத்தனையும் கேட்டுக்கொண்டு அங்கேயே நிற்பாராம்.

அம்மா பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர். அவர் மருமகளாக வந்ததும் திண்ணைக்குப் புதிய வேலை வந்தது. சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் மலைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை இல்லை. மனுக்களை அம்மா எழுதுவார். ஆயா பக்கத்தில் அமர்ந்து, "பெரிசு பெரிசா எழுது பாப்பா, அய்யாவுக்குக் கண்ணு தெரியுதோ என்னமோ!" என்பார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. தேர்வுக்குப் படிக்கும்போது திண்ணையில் யாராவது இருமிக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை என் புது ஜமுக்காளத்தை ஆயா ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு விரித்துக் கொடுத்துவிட்டார். இரண்டு நாட்கள் நான் அவருடன் பேசவில்லை. மூன்றாம் நாள் அதைத் துவைத்து மடித்து என் தலையணை மேல் வைத்திருந்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

2022இல் ஆயா இறைவனடி சேர்ந்தார். மலையிலிருந்து வந்த பெண்கள் முந்தானையில் சாமை முடிந்து கொண்டுவந்தார்கள். அன்றிரவு திண்ணையில் இடம் போதவில்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரம் உள்ளிட்ட இடங்களில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அம்மா அதே பானையில் கஞ்சி காய்ச்சி, பேருந்தில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டார். நானும் உடன் சென்றேன். வெளியே வெறுந்தரையில் என் வயதுடைய ஒருத்தி தன் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பானை ஆடாமலிருக்க அடியில் சுருட்டி வைத்திருந்த என் ஜமுக்காளத்தை உதறி அவளிடம் கொடுத்தேன்.

அது திரும்பி வரவில்லை. எங்கே என்று அம்மா கேட்கவும் இல்லை.