சுவர்ப் பாசி பார்க்கும் வேலை

பாசி பார்க்க ஆசைப்படுபவர்களைக் கொடைக்கானலுக்கு அனுப்புவதுதான் வழக்கம். நான் திண்டுக்கல்லிலேயே நிறுத்திவைப்பேன். கொடைக்கானல் சோலைக்குள் எங்கு திரும்பினாலும் பாசி. அது ஏன் அங்கே முளைத்தது என்ற கேள்வியே எழாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பெரிதும் நம்பியிருக்கும் இந்த ஊரில் ஒரு சுவரில் பாசி இருந்து அடுத்த சுவரில் இல்லையென்றால், காரணம் இருந்தே தீரும்.

வடக்கு பார்த்த சுவர், மாடிக் குழாய் கசியும் மூலை, சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த செங்கல் இடுக்கு: முதலில் இங்கே தேடுங்கள். மலைக்கோட்டையில் வெயில் அறையும் மொட்டைப் பாறையை விட்டுவிட்டு, நீர் வடிந்த தடத்தையும் மண் தங்கிய வெடிப்பையும் பாருங்கள்.

பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. நீரை இலைகளே உறிஞ்சும். தனித் தண்டாக நின்றால் சட்டென்று காய்ந்துவிடும். அதனால்தான் நெருக்கியடித்து, கொழுக்கட்டை போல உப்பி, திண்டாக வளர்கிறது. தண்டுகளின் இடுக்கில் நீர் தங்கும், காற்று படும் பரப்பு குறையும். அப்படியும் சித்திரையில் காய்ந்துதான் போகும், ஆனால் சாகாது. ஹையோஃபிலா இன்வோலூட்டா என்ற பாசி இலைகளை உள்ளே சுருட்டிக்கொண்டு கிடக்கும். நாலு சொட்டு நீர் விட்டால் கண்முன்னே விரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. பிரையம் அர்ஜென்ட்டியம் என்ற இன்னொரு பாசியின் இலை நுனியில் பச்சையமே இல்லை. வெள்ளிபோல் மினுங்குவது அதனால்தான்.

பத்து மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பாசியை அருகே கொண்டுவர வேண்டும். நகமளவு எடுத்தால் போதும். மற்ற செடிகளைப் போல அழுத்தி உலர்த்தினால் திண்டின் வடிவம் போய்விடும். பாலித்தீன் பையில் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளை உறையாக மடித்து நிழலில் உலர்த்துங்கள். உறைமேல் கல்லா, சாந்தா, எந்தத் திசை, எவ்வளவு நிழல் என்று எழுதுங்கள். பெயர் பிறகு வரட்டும்.

இயேசு சபைத் துறவி ஃபோரோ, கொடைக்கானல் இருக்கும் பழனிமலையின் பாசிகளை 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் பட்டியலிட்டார். அடிவாரத்துச் சுவர்களுக்கும் அப்படி ஒருவர் வாய்க்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள்: தொட்டி அலங்காரத்துக்காகக் கொடைக்கானலிலிருந்தும் சிறுமலையிலிருந்தும் பாசியைப் பெயர்த்து வராதீர்கள். சோலையின் குளிரில் வளர்ந்த லூக்கோபிரையம் பாசி திண்டுக்கல் கோடையில் நிற்காது.