சுருதிக்கு அடியில் ஓர் இரைச்சல்

எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதம் 1963-ஆம் ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தது. எத்தனையோ இல்லங்களில் பொழுது அந்தக் குரலோடுதான் புலர்கிறது. இராகம் ஒன்றையே பல மணி நேரம் ஆலாபனை செய்த விளாத்திகுளம் சுவாமிகள் வாழ்ந்த எங்கள் ஊரில், நாதத்தின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சென்ற கோடையில் எங்கள் பூஜை அறை ஸ்பீக்கரில், தம்புராவுக்கு அடியில் ‘ம்ம்’ என்றொரு முனகல் புகுந்துகொண்டது. என் துணைவியாருக்குச் செவி சற்று மந்தம். அந்த முனகலில் சொற்கள் கரைந்துபோவதாக வருந்தினார்.

அறிந்தவர் ஒருவர், “பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றிவிடுங்கள், இரைச்சல் நின்றுவிடும்” என்றார். நிற்கக்கூடும்தான். ஆனால் அந்தப் பின்தான் எர்த். ஆம்ப்ளிஃபையரின் உள்ளே மின்காப்புக் கெட்டு உலோகப் பெட்டியில் மின்சாரம் பாய்ந்தால், அதை நிலத்துக்குக் கடத்தி ஃபியூஸ் போகச் செய்வது அதுவே. நீராடிய ஈரக் கையோடு விளக்கேற்றி, அதே கையால் ஸ்விட்சைத் தொடுபவர் என் துணைவியார். அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

வங்கியில் கணக்கு நேராகாதபோது பதிவுகளை ஒவ்வொன்றாய்ச் சரிபார்ப்போம். இங்கும் அதே வழிதான். முதலில் வால்யூமை முழுதும் குறைத்தேன்; முனகல் நின்றது. நில்லாதிருந்தால் ஆம்ப்ளிஃபையரின் கெபாசிட்டர்கள் வலுவிழந்திருக்கலாம். அணைத்த பின்னும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். பெட்டியைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. நின்றதால், குறை வெளியிலிருந்து வருகிறது என்று தெளிந்தேன்.

அடுத்து, இணைத்திருந்த வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கோயில் நேரலைகளைக் கேட்பதற்காகத் தொலைக்காட்சியையும் ஆம்ப்ளிஃபையரோடு இணைத்திருந்தோம். தொலைக்காட்சியின் கேபிளைப் பிடுங்கியதும் வீடு அமைதியாயிற்று. கேபிளின் வெளியுறை தெருவில் ஓரிடத்தில் எர்த் ஆகியிருக்கிறது. ஆம்ப்ளிஃபையரோ வீட்டு எர்த்தில். இரண்டுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தாலும் ஆடியோ வயரின் உறை வழியே மின்சாரம் ஓடும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதுவே முனகலாய் ஒலிக்கிறது. கேபிளின் இடையே ஒரு சிறு ஐசொலேட்டரைப் பொருத்தச் செய்தேன். படமும் வந்தது, முனகலும் ஒழிந்தது.

எஞ்சிய மெல்லிய ‘ர்ர்’ ஒலி, மின்விசிறியின் வேகத்தை மாற்றியபோது தானும் மாறியது. ரெகுலேட்டரே அதற்குக் காரணம். ரெகுலேட்டர் வயருக்கு அருகில் சென்ற ஆடியோ வயரை விலக்கி அமைத்ததும் அது தணிந்தது. இசைத்தட்டுக் கருவி வைத்திருப்போர், அதன் மெல்லிய எர்த் வயர் ஆம்ப்ளிஃபையரின் திருகில் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எர்த் குழியையும் மறத்தலாகாது. கோடையில் எங்கள் கரிசல் பாளம் பாளமாய் வெடிக்கும். மண்ணில் ஈரம் வற்றினால் மின்தடை கூடி, எர்த் பெயரளவுக்கே நிற்கும். அதனால்தான் பெரியவர்கள் குழியில் கரியும் உப்பும் இட்டு, தண்ணீர் ஊற்றி வந்தார்கள்.

மார்கழி பிறக்குமுன் அன்பர்கள் தத்தம் இல்லத்து எர்த்தை ஓர் எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பார்த்துக்கொள்வது நலம். இறைவன் திருநாமம் தெளிவாக ஒலிக்கட்டும். அதைக் கேட்போரும் நலமாயிருக்கட்டும்.